கழுத்துக்குக் கீழே

சித்தப்பா இருபது வருடத்துக்கு மேலாகச் செத்த மிருகங்களுக்குத் தூசி தட்டி வந்தார். சமைப்பது, தரை துடைப்பது, வீட்டுக்கார அம்மாவான சின்யோராவை வைத்தியரிடம் கூட்டிப் போவது எல்லாம் அவர்தான் செய்தார். ஆனால் அவருக்குப் பிடித்த வேலை மிருகங்கள்.

சின்யோரா கொஸ்தான்சாவின் வீடு பலேர்மோவில், பொலிதேயாமா தியேட்டருக்குக் கொஞ்சம் மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. சின்யோராவின் பாட்டனார் அந்தக் காலத்தில் துவக்கோடு ஆபிரிக்காவுக்குப் போனவர். கண்டதையெல்லாம் சுட்டு, தலையை மட்டும் பதப்படுத்திக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். வாசலிலிருந்து சாப்பாட்டு அறை வரைக்கும் இரண்டு சுவரிலும் அவை வரிசையாக இருந்தன. எருமை, வரிக்குதிரை, ஈட்டி போல நேர்க் கொம்புள்ள ஓரிக்ஸ் மான். கடைசியில், சாப்பாட்டு மேசைக்கு நேரே, குடூ. எல்லாவற்றிலும் பெரிய மான். கொம்பு இரண்டும் திருகித் திருகி மேலே போகும். கண்ணுக்கு நடுவில் வெள்ளைக் கோடு. காது ஒவ்வொன்றும் வாழைப்பூ மடல் அளவு.

சித்தப்பா மெல்லிய தூரிகையால் மயிரை வாரிவிடுவார். தலைமயிர் காயவைக்கிற மெஷினில் குளிர்காற்றை வைத்து காதுக்குள் ஊதுவார். கண்ணாடிக் கண்ணை வினாகிரியில் நனைத்த துணியால் துடைப்பார். குடூவின் ஒரு காது கிழிந்து தொங்கியபோது அதை ஒட்டியதும் அவர்தான். சின்யோராவின் வாயில் அம்பலவாணர் என்ற பெயர் நுழையவில்லை, அதனால் அவரை அல்பேர்த்தோ என்று கூப்பிட்டார். பதிலுக்கு இவர் தலைகளுக்குப் பெயர் வைத்தார். ஓரிக்ஸ் அவ்வொகாத்தோ, அதாவது வக்கீல்; சின்யோராவின் வக்கீலுக்கும் அதே நீள முகம். குடூ பெரியவர்.

ஆயுத பூசை அன்று தூசி உறிஞ்சும் மெஷினுக்கும், இஸ்திரிப் பெட்டிக்கும், தும்புத்தடிக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். பெரியவருக்கும் ஒன்று வைப்பார். சின்யோரா அதைத் துடைக்கச் சொன்னதில்லை. விருந்தாளிகள் கேட்டால், அல்பேர்த்தோ ஆசீர்வாதம் செய்தது என்று சொல்வாராம்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு குறை. அவருக்கு இந்த மிருகங்களைக் கழுத்து வரைக்கும்தான் தெரியும். அதற்குக் கீழே எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். நான் போனில் படம் எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"படத்திலை ஆனையும் பூனையும் ஒரே அளவுதான் கீர்த்தி. இவ்வளவு பெரிய தலையை என்ன மாதிரிக் கால் தூக்கிக்கொண்டு நடக்குதெண்டு தெரியேல்லையே."

சின்யோரா போன மாரியில் செத்துப்போனார். மிலானோவிலிருந்து பிள்ளைகள் வந்து வீட்டை விற்றார்கள். அல்பேர்த்தோ, உனக்கு விருப்பமான ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள். வெள்ளிக் கரண்டியை எடுப்பார் என்று நினைத்திருப்பார்கள். சித்தப்பா குடூவைக் கழற்றினார்.

மூன்று சக்கர அப்பே வண்டி ஒன்றை மரக்கறிக்காரனிடம் கேட்டு வாங்கி, பின்னால் குடூவை நிமிர்த்திக் கட்டி, நானும் அவருமாக எங்கள் வீடு இருக்கிற கபோ சந்தைத் தெருவுக்குள் கொண்டு வந்தோம். சந்தை நேரம். மீன்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். ஒருவன் பெரியவரின் வாயில் ஒரு பிடி பெருஞ்சீரகத் தழையைச் செருகிவிட்டான். அது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

சின்னம்மா வீட்டு வாசலில் குறுக்கே நின்றார். சித்தப்பாவின் மனைவி குகனேஸ்வரி. அவரும் முப்பது வருடமாக மற்றவர்கள் வீடு துடைப்பவர். சொந்த வீட்டுக்குள் எது வரலாம் எது வரக்கூடாது என்பதில் மிகவும் கறார்.

"சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ளை செத்த தலை வராது" என்றார்.

சித்தப்பா ஏதோ சொல்லிப் பார்த்தார். இவர் சாமான் இல்லை, பழகின ஆள் என்றார். அது இன்னும் மோசம் என்றார் சின்னம்மா. படியில் சித்தப்பா குடூவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கொம்பு மேல்வீட்டுக்காரரின் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டது. பிறகு நாங்கள் அதைச் சின்யோராவின் பிள்ளைகளிடமே திரும்பக் கொண்டு போய்க் கொடுத்தோம்.

சித்தப்பா கோபிக்கவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. ஒரு கிழமை கழித்து, சோறு தின்றுகொண்டிருக்கும்போது சொன்னார். செத்தது வீட்டுக்கு வரக்கூடாது என்றால் சரி, தான் உயிரோடு இருப்பதிடம் போகப் போவதாக. வேலை முடிந்தபோது கிடைத்த காசு அதற்குப் போதும்.

சின்னம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு விட்டார். தலையைத் திருப்பி அனுப்பியது அவருக்குள்ளும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். சாப்பாடு முடிந்து கோப்பை கழுவும்போது, "உங்களைத் தனிய விட்டாப் புலி பிடிக்கும், நானும் வாறன்" என்றார். ஆபிரிக்காவில் புலி இல்லை என்று நான் சொன்னேன். ஏதோ ஒன்று பிடிக்கும் என்றார்.

மூன்றாவது ஆளாக நான் போக வேண்டும் என்று தீர்மானித்தது அவர்களின் மகள் நிலக்ஷி. அவள் பேர்மிங்ஹாமில் இருக்கிறாள். நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன். பிறகு ஒரு ஹோட்டலில் இரவு வரவேற்பு மேசையில் இருந்தேன், அதையும் விட்டேன். பகல் முழுக்கப் படுத்திருந்தேன். "நீ சும்மாதானே இருக்கிறாய்" என்றாள். அது உண்மை.

பயண நிறுவனத்தில் இருந்த பெட்டை, எந்த சின்யோராவுக்கு ரிக்கெற் எடுக்க வந்தீர்கள் என்று சித்தப்பாவைக் கேட்டாள். எனக்கு என்றார். அவள் முகம் சிவந்து, கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். நமீபியாவின் பாலைவனத்தில் தொடங்கி, மிருகங்களின் பெரிய பூங்கா ஒன்றைக் கடந்து, பொத்ஸ்வானாவில் ஓர் ஆற்றங்கரையில் முடிகிற சுற்றுலா. கூட்டமாகப் போக வேண்டும், வழிகாட்டி இருப்பார். எங்களிடம் இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்ததால் வேறு தொல்லை இல்லை. குடூ இருக்குமா என்று சித்தப்பா கேட்டார். நிறைய என்றாள்.

கோயிலில் யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சின்னம்மா எச்சரித்தார். இலங்கையில் குடு என்றால் ஹெரோயின், தூள் விற்பவர்களின் பாஷை. குடூ பார்க்கப் போகிறேன் என்றால் பொலிஸ்தான் வரும்.

புறப்படுகிற அன்று பக்கத்து வீட்டு ஜெனோஜன் தன் காரில் எங்களை விமான நிலையத்துக்கு ஏற்ற வந்தான். சின்னம்மா நான்கு ரயருக்கும் கீழே நான்கு தேசிக்காய் வைத்துக் கும்பிட்டார். கார் நசித்துக்கொண்டு போனது. ஐயர் பூசையில் வைத்துக் கொடுத்த காய்கள். மிச்சம் ஒரு பை இருந்தது. போகிற வழியில் எத்தனை வண்டி ஏற வேண்டி வருமோ, எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டுமே. அந்தப் பை ரைஸ் குக்கருக்குள் போனது. ரைஸ் குக்கர் பெட்டிக்குள் போனது.

எங்கள் வழிகாட்டி கபெலோ பொத்ஸ்வானாக்காரர். இத்தாலியர்களைப் பல வருடமாக ஏற்றி இறக்கியதில் நன்றாக இத்தாலியன் கதைத்தார். மற்றவர்கள் எல்லோரும் பலேர்மோக்காரர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகளான அக்கா தங்கை, ஒரு பல் வைத்தியர், அவர் மனைவி, இன்னும் இரண்டு சோடி. நமீபியாவில் வந்து இறங்கிய நகரத்தில், முதல் நாள் மாலை பல் வைத்தியரின் மனைவி சின்னம்மாவிடம் அன்பாக வந்து, நீங்கள் இவர்களில் யாரைப் பராமரிக்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சின்னம்மா சித்தப்பாவைக் கைகாட்டினார். அதற்குப் பிறகு இத்தாலியனில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்றே கபெலோ சட்டங்களைச் சொன்னார். இரவில் கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாது. தோடை, தேசிக்காய், எலுமிச்சை என்று புளிப்புப் பழம் எதுவும் யாரிடமும் இருக்கக்கூடாது; யானைக்கு அந்த வாசம் பிடித்தால் எங்கிருந்தும் தேடி வரும். சட்டத்தை மீறினவர் அடுத்த நாள் வண்டியில் ஏற முடியாது, முகாமில்தான் இருக்க வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி. சின்னம்மா உடனே தன் கைப்பையிலிருந்த இரண்டு தோடம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். ரைஸ் குக்கரைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் பார்த்தேன். "அது தின்னவோ கொண்டு வந்தது? சாமிக்கு வைச்ச சாமான்" என்றார். அடுத்த நாள் காலை யாரும் எழும்ப முன்னர் லொறியின் ரயர்களுக்குக் கீழே நான்கு வைத்தார். லொறி நசித்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனது. நகரத்தில் யானை இல்லாதபடியால் ஒன்றும் நடக்கவில்லை.

பாலைவனத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. சிவப்பு மணல், மலை மலையாக. காலையில் ஒரு பக்கம் நெருப்பு மாதிரியும் மறுபக்கம் கரி மாதிரியும் இருந்தது. ஆசிரியைகள் இருவரும் அழுதார்கள். சின்னம்மா மணலில் கையை அளைந்து பார்த்துவிட்டு, இதைக் கூட்டித் துடைக்க வேண்டிய ஆக்கள் பாவம் என்றார். நாங்கள் தங்கிய இடத்தின் வேலைக்காரப் பெண்களைச் சொன்னார். அறைக்குள் தினமும் மணல் வந்தது. அவர்கள் வர முதல் அவரே கூட்டிவிடுவார்.

மணல்மலையின் அடியில் ஓர் ஓரிக்ஸ் நின்றது. சித்தப்பா லொறியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறினார். மற்றவர்கள் முகத்தைப் படம் எடுத்தார்கள். இவருக்கு முகம் வேண்டியிருக்கவில்லை.

"அவ்வொகாத்தோவுக்குக் குதிரை வால்" என்றார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது."

அதற்குப் பிறகு எல்லா மிருகத்தையும் அப்படித்தான் பார்த்தார். வரிக்குதிரையின் பின்பக்கத்தில் கோடு எப்படி முடிகிறது, எருமைக்கு முழங்கால் எங்கே இருக்கிறது. சிங்கம் படுத்திருந்ததை ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சிங்கத்தின் தலை சின்யோரா வீட்டில் இருக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் கபெலோவிடம் போய், நாளைக்குக் குடூ வருமா என்று கேட்பார். கபெலோ சிரிப்பார். எல்லோரும் சிங்கத்தைக் கேட்பார்கள், நீர் குடூவைக் கேட்கிறீர் என்பார்.

பூங்காவுக்குள் குடூ வந்தது. பற்றைக்குள்ளிருந்து ஓர் ஆண் குடூ வெளியே பாய்ந்து பாதையைக் கடந்து போனது. எல்லோரும் பார்த்தார்கள். சித்தப்பா பார்க்கவில்லை. சின்னம்மாவுக்கு லொறி ஓட்டத்தில் வயிற்றைக் குமட்டி, மற்றப் பக்கம் யன்னலால் தலையை வெளியே போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒரு கையால் அவர் கொண்டையையும் மறு கையால் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்திருந்தார். நான் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. வாயைக் கொப்பளிச்சிட்டு மெல்ல நிமிரும் என்று சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு நாள் வெறும் பற்றை. மூன்றாம் நாள் ஒரு மரத்தடியில் நாலைந்து சாம்பல் நிற மிருகங்கள் நின்றன. பெரிய காது, கொம்பில்லை. இது என்ன, கழுதையும் மானும் கலந்ததோ என்று சித்தப்பா கேட்டார். குடூ, பெண் குடூ என்றார் கபெலோ. பெண்ணுக்குக் கொம்பு இல்லை. அந்த வீட்டில் ஒரு பெண் தலையும் இருந்ததில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று சித்தப்பா யோசித்ததும் இல்லை.

"கொம்பில்லாதபடியாத் தப்பியிருக்கிறாளவை" என்றார் சின்னம்மா.

சித்தப்பா நெடுநேரம் அவற்றைப் பார்த்தார். நல்லது என்றார். ஆனால் அந்தத் தலைக்குரிய கால் இது இல்லை என்றார்.

கடைசியாகப் பொத்ஸ்வானா. ஆற்றங்கரையில் முகாம். அங்கே போன அன்று மாலை வள்ளத்தில் ஆற்றைச் சுற்றிக் காட்டுவது சுற்றுலாவில் சேர்ந்திருந்தது. தண்ணீர் குடிக்க எல்லா மிருகமும் கரைக்கு வரும் நேரம் அதுதான். சின்னம்மா ஏறவில்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறக் கிளாலிக் கடலை இரவு வள்ளத்தில் கடந்தபோது, நேவி சுட்டுப் பக்கத்து வள்ளத்துக்கு நடந்ததைப் பார்த்தவர். அதற்குப் பிறகு எந்த வள்ளத்திலும் கால் வைத்ததில்லை. மொந்தெல்லோ கடற்கரையில் பிள்ளைகள் மிதிக்கிற சின்ன வள்ளத்தில்கூட ஏறமாட்டார். நீங்கள் போங்கோ என்றார். சித்தப்பா போகவில்லை. இரண்டு பேரும் கரையில் கதிரை போட்டு இருந்தார்கள். நான் போனேன். நீர்யானை பார்த்தேன், முதலை பார்த்தேன். குடூ வரவில்லை என்று திரும்பி வந்து சொன்னபோது சித்தப்பாவுக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்ததைக் கண்டேன்.

இனி ஒரேயொரு தடவைதான் மிச்சம். அடுத்த நாள் விடியற்காலை ஜீப்பில் காட்டுக்குள், மத்தியானம் விமானம். லொறி எல்லையோடு நின்றுவிட்டது. இது திறந்த ஜீப், புதிய வண்டி. புதிய வண்டி என்றால் சின்னம்மா என்ன செய்வார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இருட்ட முன்னர், சித்தப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஜீப்பின் நான்கு ரயருக்கும் கீழே ஒவ்வொன்றாகச் செருகியிருக்கிறார்.

காலையில் நாங்கள் நெருப்பைச் சுற்றி நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் வந்துவிட்டது. ஆற்றுப் பக்கப் பற்றைக்குள்ளிருந்து ஒரு யானை வந்தது. ஆண் யானை. எங்களை அது ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நேரே ஜீப்புக்குப் போய், முன் ரயருக்குக் கீழே தும்பிக்கையை விட்டுத் தடவியது. கை எட்டவில்லை. நெற்றியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளியது. ஜீப் ஒரு பக்கமாக எழும்பித் திரும்பவும் ரயரில் விழுந்தது. பக்கக் கண்ணாடி நொறுங்கியது. யானைக் கொம்பு ஜீப்பின் முன்பக்கத்துக்குள் ஏறி ரேடியேற்றரிலிருந்து தண்ணீர் பீச்சியது. கபெலோ எங்களைக் கையால் மறித்துக்கொண்டு பின்னால் நகரச் சொன்னார். யானை எதையோ எடுத்து வாயில் போட்டது. மஞ்சள் நிறம். பிறகு சுற்றிக்கொண்டு அடுத்த ரயருக்குப் போனது.

இரண்டாவது ரயரில் கபெலோவுக்கு விளங்கிவிட்டது. மூன்றாவதில் எல்லோருக்கும் விளங்கியது. சின்னம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சித்தப்பா அந்த உதட்டைப் பார்த்தார். யானை நான்காவதையும் தேடி எடுத்துத் தின்றுவிட்டு, ஆற்றுப் பக்கம் ஆறுதலாக இறங்கிப் போனது.

யார் லிமோனி வைத்தது என்று கபெலோ கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான்" என்றார் சித்தப்பா.

ஏன் என்றெல்லாம் கபெலோ கேட்கவில்லை. சட்டம் தெரியும்தானே என்றார். தெரியும் என்றார் சித்தப்பா. பல் வைத்தியர் கூரையைப் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்தார். அவர் மனைவி, கடைசி நாளும் போச்சே என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். கபெலோ போனில் யாரோடோ கதைத்தார். பக்கத்து விடுதியிலிருந்து ஒரு வள்ளம் வரும், ஜீப்புக்குப் பதிலாக எல்லோரையும் ஆற்றால் கூட்டிப் போகிறேன் என்றார். எல்லோரையும் என்று சொன்னபோது சித்தப்பாவைப் பார்க்கவில்லை.

சித்தப்பா சமையல் கூடாரத்துக்குப் போய் ஒரு தும்புத்தடியை வாங்கி வந்து, ஜீப்பைச் சுற்றிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டத் தொடங்கினார். கூட்டுகிறபோது அவர் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு அப்படி இருக்கவில்லை.

நான் கூடாரத்துக்குப் போனேன். சின்னம்மா கட்டில் விளிம்பில் ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஏன் அவர் பொய் சொன்னார் என்று என்னைக் கேட்டார். உங்களுக்குத்தான் தெரியும் என்றேன். வள்ளத்தின் சத்தம் கேட்டது. சின்னம்மா எழும்பிச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார்.

எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அத்தனை நாள் வாய் திறக்காதவர், சமையலறைகளில் பழகிய தன் இத்தாலியனில் கபெலோவுக்கு முன்னால் நின்று சொன்னார்.

"லிமோனே வைச்சது நான். அவர் பொய் சொல்லுறார். அவருக்கு ஒண்டும் தெரியாது."

சின்னம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். புதிய வண்டி புறப்படும்போது எங்கள் ஆட்கள் அப்படித்தான் வைப்பார்கள். போகிறவர்கள் எல்லோரும் சுகமாகத் திரும்பி வர வேண்டும் என்று. தனக்கு மட்டும் வைக்கவில்லை என்றார். பல் வைத்தியரின் மனைவியைக் காட்டினார். இவவுக்கும் சேர்த்துத்தான். பிறகு குக்கர் மூடியைத் திறந்து, உள்ளே மிச்சம் இருந்ததைக் காட்டினார்.

கபெலோ உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சிரிப்பு வருவதற்கு முன்னால் ஓர் ஆளுக்குக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும் முகம். அப்படியென்றால் நீங்கள் நிற்க வேண்டும், அவர் வரலாம் என்றார்.

"ஓம், அதுதான் நான் வந்தது" என்றார் சின்னம்மா, தமிழில்.

சித்தப்பா தும்புத்தடியோடு வந்து நின்றார். நடந்ததை நான் சொன்னேன். தான் போகப் போவதில்லை என்றார். இந்த மனிசியைக் கரையில் தனிய விட்டிட்டு ஒரு மானைப் பாக்க ஏலாது என்றார். சின்னம்மா அவரைத் திட்டத் தொடங்கினார். கடல் கடந்து, காசைக் கொட்டி, வாந்தி எடுத்து, இவ்வளவு தூரம் வந்தது எதற்கு, ஏறுங்கோ. நீர் ஏறும், நான் ஏறுறன் என்றார் அவர். அப்படிச் சொன்னால் பேச்சு அதோடு முடியும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

சின்னம்மா தண்ணீரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். கபெலோவைப் பார்த்து, ரெண்டு பேரும் வரலாமோ என்று கேட்டார்.

கபெலோ குக்கரை வாங்கித் தன் இருக்கைக்குக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டார். வாருங்கள் என்றார்.

மூத்த ஆசிரியை கையை நீட்டினார். சின்னம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வள்ளம் ஆடியது. அவர் சித்தப்பாவின் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை இறுக்கி மூடினார். அதற்குப் பிறகு திறக்கவில்லை. கந்தசஷ்டி கவசத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

ஆறு அகலமாக இருந்தது. வெயில் ஏறியது. நீர்யானைகள் மூச்சு விட்டன. பத்துப் பன்னிரண்டு யானைகள் மறுகரையில் குளித்தன. எங்கள் யானையும் அதற்குள் நின்றிருக்கலாம். கவசம் மட்டும் கேட்டது.

கபெலோ திடீரென்று இயந்திரத்தை நிறுத்தினார். கையால் கரையைக் காட்டினார்.

கரையில் இலை அடர்ந்த பற்றை. பற்றைக்கு மேலே ஒரு தலை. திருகிய கொம்பு இரண்டும், கண்ணுக்கு நடுவில் வெள்ளைக் கோடும், அந்தப் பெரிய காதும். கழுத்து வரைக்கும். கீழே எல்லாம் இலை. அசையாமல் நின்றது.

"இஞ்சையும் தலைதானோ" என்றார் சித்தப்பா.

நான் சிரிக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன, என்ன என்று சின்னம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டார். வந்திட்டார், வெளியிலை வரேல்லை என்று சித்தப்பா காதுக்குள் சொன்னார். கபெலோ தடியை ஊன்றி வள்ளத்தை நீரோட்டத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. மத்தியான விமானத்துக்கு நேரமாகிறது என்று பல் வைத்தியர் மெல்லச் சொன்னார். மனைவி அவர் தொடையில் தட்டினார்.

குடூ ஒரு காதை ஆட்டியது. பிறகு பற்றையை விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, தண்ணீருக்கு இறங்கி வந்தது.

சித்தப்பா தலையைப் பார்க்கவில்லை. குளம்பிலிருந்து தொடங்கினார். மெலிந்த நீண்ட கால். முதுகிலிருந்து வயிற்றுக்கு வெள்ளைக் கோடுகள், சுண்ணாம்பு வடிந்த மாதிரி. தோளில் திமில். கழுத்துக்குக் கீழே தொங்குகிற மயிர், ஒரு தாடி மாதிரி. அது முன்னங்கால்களை அகட்டி, அந்தப் பெரிய கொம்புகளைப் பின்னால் சாய்த்து, தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டே மூத்திரம் பெய்தது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கால் சரியான மெல்லிசு" என்றார். "இந்தக் காலிலையோ இவ்வளவு நாளும் நிண்டது."

சின்னம்மா கண்ணைத் திறந்தார். முதலில் தண்ணீரைத்தான் பார்த்திருப்பார், பிடி இறுகியது. பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"உதுக்கோ இவ்வளவு பாடும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வடிவாத்தான் இருக்கு" என்றார்.

படம் எடுக்கட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார் சித்தப்பா. படம் எடுத்தால் அதுவும் அசையாமல் நிற்கும் என்றார். போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

குடூ குடித்து முடித்து, திரும்பி, எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டியது. வாலின் அடிப்பக்கம் வெள்ளை. அதையும் பார்த்தார். பற்றை மூடிக்கொண்டது. இலை ஆடுவது நின்ற பிறகும் கபெலோ இயந்திரத்தை உடனே போடவில்லை.

வள்ளம் திரும்பியது. யாரோ இடம் மாறி இருந்ததில் அது ஒரு பக்கம் சாய, சின்னம்மா திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். கரை எவ்வளவு தூரம் என்று கேட்டார். கிட்ட வந்திட்டுது என்று சித்தப்பா சொன்னார். நான் முன்னால் பார்த்தேன். முகாமின் கரை கண்ணுக்கே தெரியவில்லை.